எண்ணிப் பார்த்தால் நாலே அடிதான்: மெஷுகாவின் ‘ஒப்ஸென்’

சிக்கலான அமைப்புகளை விரும்பும் கனத்த ராக் இசையான புரோக்ரெசிவ் மெட்டல் என்றாலே ஏழு, ஒன்பது, பதின்மூன்று என்று ஒற்றைப்படைத் தாளங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வகையில் மிகக் கடினமான இசைக்குழு எது என்று கேட்டால், பாதிப் பேர் ஸ்வீடனின் மெஷுகாவைச் சொல்வார்கள். விஷயம் என்னவென்றால், அவர்களுடைய பெரும்பாலான பாடல்கள் நாலடித் தாளத்திலேயே ஓடுகின்றன. சினிமாப் பாட்டுக்குக் கைதட்டுகிறோமே, அதே நாலு. 2008 மார்ச்சில் வெளிவந்த ‘ஒப்ஸென்’ ஆல்பத்தை முதல் தடவை கேட்கிறவர் இதை நம்ப மாட்டார். தரை நழுவுவதுபோல் இருக்கும், எங்கே தலையாட்டுவது என்றே தெரியாது. ஆனால் டிரம்மரின் வலது கை சிம்பலில் (உலோகத் தட்டில்) என்ன செய்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அலுங்காமல் போய்க்கொண்டிருப்பது தெரியவரும். குழப்பம் எல்லாம் அதற்குக் கீழே நடக்கிறது.

இந்தக் குழுவின் வித்தை வேகத்தில் இருப்பதாகப் பலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர்களைவிட வேகமாக வாசிக்கிற குழுக்கள் ஏராளம். சிக்கலான ஒரு கணக்கை, ஐந்து பேரும் ஒரே உடம்புபோல் நின்று, கணக்கு என்றே தெரியாதபடி வாசித்துக் காட்டுவதில்தான் இவர்களுடைய திறமை இருக்கிறது. அதற்கு மிகத் தெளிவான சான்று இந்த ஆல்பமும், அதன் மூன்றாவது பாடலான ‘ப்ளீட்’டும்.

கொஞ்சம் முன்கதை. வட ஸ்வீடனில் ஊமியோ என்றொரு பல்கலைக்கழக ஊர். அங்கே 1987-இல் தொடங்கிய குழு இது. 1991-இல் வந்த முதல் ஆல்பத்தில் வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட அமெரிக்க த்ராஷ் மெட்டலின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அப்போது பாடகர் யென்ஸ் கிட்மன்தான் ஒரு கிடாரையும் வைத்திருந்தார். மோர்டன் ஹாக்ஸ்ட்ரோம் ரிதம் கிடாருக்கு வந்த பிறகு கிட்மன் கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட மட்டும் செய்தார். தலைமை கிடார் ஃப்ரெட்ரிக் தோர்டெண்டால், டிரம்ஸ் தோமஸ் ஹாகே. 1995-இல் வந்த ‘டெஸ்ட்ராய் இரேஸ் இம்ப்ரூவ்’ ஆல்பத்தில் இவர்களுக்கென்று ஒரு மொழி பிறந்துவிட்டது. 1998-இல் ‘கேயாஸ்ஃபியர்’, 2002-இல் ‘நத்திங்’, 2004-இல் இருபத்தொரு நிமிடம் ஓடும் ஒற்றைப் பாடலாக ‘ஐ’ என்று அந்த மொழி மேலும் மேலும் இறுகிக்கொண்டே போனது.

2005-இல் வந்த ‘கேட்ச் தர்ட்டி த்ரீ’யில் இவர்கள் டிரம்ஸையே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். ஹாகேயின் டிரம் செட்டிலிருந்தே பதிவுசெய்த ஒலிகளை வைத்து, தாளத்தைப் புரோகிராம் செய்தார்கள். ஆல்பம் முழுக்க ஒரே நீண்ட பாடல்போல் ஓடுகிற, மிக நல்ல படைப்பு அது. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சியது: காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான பாஸ் டிரம்மில், மனிதக் கால்களால் இது முடியுமா, முடியாதா? அதற்கு அடுத்த ஆல்பம் ‘ஒப்ஸென்’. டிரம்ஸ் மறுபடி ஹாகேயின் கைகால்களுக்கு வந்தது. பாஸ் கிடாருக்கு டிக் லோவ்கிரென் என்ற நிரந்தர ஆள் வந்து வாசித்த முதல் ஆல்பமும் இதுதான்.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம். ‘ப்ளீட்’டுக்குப் போவதற்கு முன்னால், ‘கேயாஸ்ஃபியர்’ ஆல்பத்தில் உள்ள ‘நியூ மில்லேனியம் சயனைட் கிறைஸ்ட்’ என்ற பாடலைப் பார்த்துவிடுவது நல்லது. இசையியல் ஆய்வாளர்களே பிரித்து எழுதிய பாடல் அது. அதன் பிரதான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வாக்கியம், 23 மாத்திரை நீளம். ஒரு அடிக்கு நான்கு மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலடிச் சுற்று ஒன்றுக்கு 16 மாத்திரை, எட்டுச் சுற்றுக்கு 128. இந்த 128-க்குள் 23-ஐ ஐந்து தடவை வைத்தால் 115 ஆகும். பாக்கி 13. ஆறாவது தடவை ரிஃப் தொடங்கி, 13 மாத்திரை ஓடியதும் வெட்டப்படுகிறது. மறுபடி முதலிலிருந்து எல்லாம்.

இதில் காதுக்கு என்ன ஆகிறது? 23 என்பது நான்கின் மடங்குக்கு ஒன்று குறைவு. அதனால் ரிஃப் திரும்பும் ஒவ்வொரு தடவையும், சிம்பல் அடிக்கு ஒரு மாத்திரை முன்னதாகப் போய்த் தொடங்குகிறது. முதல் தடவை அடியிலேயே, இரண்டாவது தடவை ஒரு மாத்திரை முன்னால், மூன்றாவது இரண்டு, நான்காவது மூன்று. ஐந்தாவது தடவை மறுபடி சரியாக அடியில் வந்து உட்காரும். ஆனால் அது சுற்றின் நான்காம் அடி. தாளம் பிடிபட்டுவிட்டது என்று நாம் நிம்மதியடையும்போது, உண்மையில் முதலடியை விட்டு வெகுதூரத்தில் இருப்போம். ரிஃப் மாறவே இல்லை, சிம்பலும் மாறவே இல்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நகர்வதுதான் மொத்தச் சிக்கலும்.

கச்சேரிக்குப் போய்த் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையில் (அடிக்கு நான்கு மாத்திரை) ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. மிருதங்கக்காரர் பத்து மாத்திரைச் சொல் ஒன்றை எடுத்து, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டு மூன்று தடவை வாசித்தால் 10, 1, 10, 1, 10 என்று சரியாக 32 நிறைந்து அடுத்த அடி சமத்தில், அதாவது தாளத்தின் முதலடியில், விழும். சபையில் தலைகள் ஒன்றாக ஆடும். மெஷுகா செய்வதும் அடிப்படையில் இதுதான்: தாளத்துக்கு ஒத்துப்போகாத நீளமுள்ள ஒரு சொல்லைத் தாளத்தின்மேல் ஓடவிடுவது. வித்தியாசம் முடிவில் இருக்கிறது. மிருதங்கக்காரர் சொல் முழுமையாக முடிந்து சமத்துக்கு வரும்படி முன்கூட்டியே கணக்குப் போடுகிறார். மெஷுகாவுக்கு அந்த அக்கறை இல்லை. சுற்று முடிந்ததா, வாக்கியம் எங்கே நின்றாலும் அங்கேயே துண்டித்துவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கிறார்கள். நம் ஊர்க் காதுக்கு அது முரட்டுத்தனமாகப் படலாம். அந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அழகாக முடித்து வைக்க மறுப்பது இந்த இசையின் சுபாவத்தோடு பொருந்துகிறது.

இப்போது ‘ப்ளீட்’. ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் பாடல், வேகம் நிமிடத்துக்குச் சுமார் 115 அடி. மெட்டல் கணக்கில் இது மிதமான வேகம்தான். ஆனால் ஒவ்வொரு அடியையும் எட்டு நுண்மாத்திரையாகப் பிரித்துப் பார்த்தால் கதை மாறும். பாடலின் அடிப்படை அணு ஆறு நுண்மாத்திரை நீளம், அதற்குள் நான்கு உதை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய இடங்களில் பாஸ் டிரம் ஒலிக்கும். நான்கும் ஆறும் வெறுமை. மேலைநாட்டு டிரம்மர்கள் இந்த அமைப்பை ‘ஹெர்ட்டா’ என்பார்கள். டிரம்ஸில் கையால் வாசிக்க எல்லோருக்கும் தெரிந்த பழைய உருப்படி அது. அதைக் காலுக்கு இறக்கி, ஒரு பாடலின் முதுகெலும்பாகவே வைத்ததுதான் இங்கே நடந்த காரியம்.

உதைகளுக்கு இடையிலான நேரத்தை மில்லிநொடியில் போட்டால் சுமாராக 65, 65, 130, 130 என்று வரும். இரண்டு குறில், இரண்டு நெடில், திரும்பவும் இரண்டு குறில். நொடிக்குச் சராசரியாகப் பத்து உதை. பத்து உதையை ஒரே சீராக மிதிக்கிற டிரம்மர்கள் மெட்டல் உலகில் நிறைய உண்டு. சீரான ஓட்டம் உடம்புக்குப் பழகிவிடும். ஒரு கட்டத்துக்குமேல் கணுக்கால் தானாக ஆடிக்கொள்ளும். இங்கே அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு நான்கு உதைக்குள்ளும் வேகம் இரட்டிப்பாகி, பாதியாகி, மறுபடி இரட்டிப்பாகிறது.

இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதிப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. முதல் காலுக்கு வரும் உதைகளின் இடைவெளி இரண்டு நுண்மாத்திரை, பிறகு நான்கு, மறுபடி இரண்டு, நான்கு. இரண்டாவது காலுக்கோ எப்போதும் மூன்று, மூன்று, மூன்று. ஒரு கால் நொண்டுகிறது, இன்னொரு கால் ராணுவ நடை போடுகிறது. இது போதாதென்று வலது கை மேலே எட்டு நுண்மாத்திரைக்கு ஒரு தடவை சிம்பலைத் தட்ட வேண்டும், இடது கை ஸ்நேர் என்ற சிறிய டிரம்மைப் பெரும்பாலும் மூன்றாம் அடியில் போட வேண்டும். ஆறும் எட்டும் 24-இல்தான் சந்திக்கும். அதாவது மூன்று அடிக்கு ஒரு தடவை காலும் கையும் ஒரே புள்ளியில் சேரும், உடனே பிரியும். இந்த அணுவை அப்படியே ஓடவிட்டால் சுற்றின் தலைக்கு வந்து சேர மூன்று சுற்று ஆகும். பாடலோ நான்கு, எட்டு என்ற இரட்டைப்படைக் கட்டங்களாக நகர்கிறது. ஆக எங்கேயாவது கத்தி விழுந்தே தீர வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள டபுள் பாஸ், அதாவது இரண்டு காலாலும் பாஸ் டிரம் மிதிக்கும் முறையையே புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது என்று ஹாகே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் மற்ற எல்லாப் பாடல்களுக்கும் சேர்த்து எவ்வளவு நேரம் பயிற்சி எடுத்தாரோ, ‘ப்ளீட்’ ஒன்றுக்கே அவ்வளவு நேரம் போனதாம். கிட்டத்தட்ட இருபது வருடமாக அதே குழுவில் வாசித்துவந்த ஆள் சொன்னது இது. இப்போது யூடியூபில் இந்தப் பாடலை வாசித்துக் காட்டாத டிரம் மாணவர்களே இல்லை என்கிற அளவுக்கு அது ஒரு தேர்வுத் தாள் ஆகிவிட்டது. அவர்களில் பலர் கால் வேலையைக் கச்சிதமாகச் செய்துவிடுகிறார்கள். சறுக்குவது சிம்பலில்தான். கால் சிரமப்படும்போது கையும் தன்னையறியாமல் விறைத்துக்கொள்ள, அந்த நாலடி நிதானம் போய்விடுகிறது. ஹாகேயின் சிம்பல் கையைப் பாருங்கள், கீழே நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும்.

டிரம்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கிடார்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காலில் நடக்கிற அத்தனையும் இரண்டு கிடாரிலும் பாஸிலும் அப்படியே நடக்கிறது. நான்கு பேரும் ஒரே சந்தத்தை ஒரே கணத்தில் வாசிக்க வேண்டும். இருபது மில்லிநொடி யாராவது பிசகினாலும் அந்த 65 மில்லிநொடிக் குறில்கள் குழைந்து சேறாகிவிடும். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பியின்மேல் வைத்து ஒலியை அமுக்கி வாசிக்கிறார்கள். அமுக்கியபிறகும் மிச்சமிருக்கும் இரைச்சலை நாய்ஸ் கேட் கருவி கத்தரித்துவிடும். அதனால்தான் இரண்டு உதைக்கு நடுவில் உள்ள மௌனம் அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. இவர்களுடைய இசையில் வாசிக்காத இடங்களும் அளந்து வைத்தவையே.

கிடார்கள் எட்டுக் கம்பி கொண்டவை. சாதாரண ஆறு கம்பி கிடாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 82 தடவை) அதிரும். இவர்களின் எட்டாவது கம்பி இறங்குவது சுமார் 44 ஹெர்ட்ஸுக்கு. பாஸ் கிடாரின் அடிக்கம்பி 41, அதாவது கிட்டத்தட்ட பக்கத்து வீடு. இதை எட்ட இவர்கள் பட்ட பாடு தனிக் கதை. 2002-இல் ‘நத்திங்’ பதிவானபோது தயாராகி வந்த எட்டுக் கம்பி கிடார்கள் சரிப்படவில்லை. ஏழு கம்பி கிடார்களையே தளர்த்தி, சுருதி இறக்கி ஒப்பேற்றினார்கள். மனசு ஆறாமல் 2006-இல் அதே ஆல்பத்தை எட்டுக் கம்பியில் மறுபடி வாசித்து வெளியிட்டார்கள்.

இவ்வளவு கீழே போனதும் கிடார் தன் பழைய வேலையை விட்டுவிடுகிறது. அந்த ஆழத்தில் சுரத்தை நம் காது சரியாகப் பிரித்துணர்வதில்லை. கேட்பது பிக் (மீட்டும் சிறு வில்லை) கம்பியில் உரசும் உலோகச் சத்தமும், மேலெழும் உபசுரங்களும்தான். ஆகவே கிடாரே ஒரு தாளவாத்தியம் ஆகிவிடுகிறது. ‘ப்ளீட்’ ரிஃபை முணுமுணுக்க முயன்றால் வாயில் ராகம் வராது, ஜதிதான் வரும்.

கிட்மனின் குரலும் இதே வழிதான். ராகம் என்று எதுவும் கிடையாது, ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே உயரத்தில் ஒரு குரைப்பு. இந்தக் குழு பிடிக்காதவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் அதுதான், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே சொல்லைப் போடுகிறார் என்று கவனித்தால், பெரும்பாலும் சிம்பலின் பக்கம் நிற்பது தெரியும். தொலைந்துபோன கேட்பவருக்கு அது இரண்டாவது கைப்பிடி. பாடல் வரிகளில் பெரும்பகுதி ஹாகே எழுதுவது. வரிகள் எழுதுகிற டிரம்மர், தாளவாத்தியமாகப் பாடுகிற பாடகர்! வேலைப் பிரிவினை இந்தக் குழுவில் கொஞ்சம் விசித்திரம்தான்.

இந்தக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் ஒரே ஆள் தோர்டெண்டால். அவருடைய தனி ஆவர்த்தனங்களில் ஆங்கிலேய ஜாஸ் ஃப்யூஷன் கிடார்காரர் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த்தின் செல்வாக்கு வெளிப்படை. சாக்ஸஃபோன் வாசிக்க ஆசைப்பட்டுக் கிடாருக்கு வந்தவர் ஹோல்ட்ஸ்வர்த். ஒவ்வொரு சுரத்தையும் தட்டாமல், இடது கை விரல்களாலேயே வழுக்கி இணைத்துக்கொண்டு போவது அவர் வழி. தோர்டெண்டால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் குளிர்ந்த, ஏதோ வேற்றுக் கிரகத்து ஒலியாக்கினார். இத்தனைக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தச்சு வேலையின்போது இடது கை நடுவிரலின் நுனியை வெட்டிக்கொண்டு, பிறகு ஒட்டவைத்துக்கொண்டவர் அவர். ‘ப்ளீட்’ பாதியைத் தாண்டியபின் ஓரிடத்தில் உதை நின்று கிடார் மட்டும் மிதக்கிறதே, அந்த இடத்தைக் கேளுங்கள். அதுவரை தாளத்தைப் பிடிக்க நாம் பட்ட அவஸ்தை எவ்வளவு என்பது அது நின்ற பிறகே உறைக்கும்.

ஆல்பத்தின் மற்ற பாடல்கள் எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. முதல் பாடலான ‘கம்பஸ்ச்சன்’ கிட்டத்தட்ட நேரான த்ராஷ், பழைய ரசிகர்களுக்கு ஒரு கைகுலுக்கல். ‘எலெக்ட்ரிக் ரெட்’, ‘லெதார்ஜிகா’ இரண்டும் வேகம் குறைத்து எடையைக் கூட்டுகின்றன. ‘லெதார்ஜிகா’ எனக்கு ‘ப்ளீட்’டுக்கு நிகரான பாடல், மெதுவான பாட்டில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை, பிசகு உடனே தெரியும். ‘திஸ் ஸ்பைட்ஃபுல் ஸ்னேக்’ வரும் நேரத்தில் ஆல்பம் கொஞ்சம் தொய்கிறது. ஒரே நிறத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் என்பது யாருக்குமே அதிகம்தான். கடைசியில் ஒன்பதரை நிமிடம் ஓடும் ‘டான்ஸர்ஸ் டு எ டிஸ்கார்டன்ட் சிஸ்டம்’ அந்தத் தொய்வை ஈடுகட்டிவிடுகிறது. கிசுகிசுப்பான குரலில் தொடங்கி, ஒரு ரிஃபை அவசரப்படாமல் வளர்த்து முடிக்கிற பாடல்.

இதற்குப் பிறகு வந்த சில ஆண்டுகளில் ‘ஜென்ட்’ என்றொரு கிளை இணையத்தில் முளைத்தது. கம்பியை அமுக்கித் தட்டும்போது வரும் சத்தத்திலிருந்து பிறந்த பெயர், மெஷுகா அதன் குலதெய்வம். அமெரிக்காவின் பெரிஃபரி, பிரிட்டனின் டெசரக்ட் போன்ற குழுக்கள் அந்தச் சத்தத்தை எடுத்து, அதன்மேல் பாடக்கூடிய மெலடியை வைத்துத் தங்களுக்கென ஒரு பாதை போட்டுக்கொண்டன. அது நல்ல விஷயமே. ஆனால் அந்த அலையில் வந்த நூற்றுக்கணக்கான படுக்கையறைப் பதிவுகளில் எட்டுக் கம்பி இருக்கும், நாய்ஸ் கேட் இருக்கும், கம்ப்யூட்டரில் போட்ட டிரம்ஸ் மயிரிழை பிசகாமல் இருக்கும். மேலே நடக்க வேண்டிய அந்த நிதானமான நாலடி மட்டும் இருக்காது. ரிஃப் உடைந்தால் டிரம்ஸும் சேர்ந்து உடையும். இழுத்துப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஆளே இல்லை, பிறகு எங்கிருந்து விசை வரும்?

மெஷுகாவுக்கே இந்தக் கச்சிதம் ஒரு கட்டத்தில் அலுத்திருக்க வேண்டும். ‘ஒப்ஸென்’ போன்ற ஆல்பங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே வாசித்துப் பதிந்து, பிறகு சேர்த்தார்கள். 2016-இல் ‘தி வயலன்ட் ஸ்லீப் ஆஃப் ரீசன்’ ஆல்பத்துக்கு வந்தபோது, குழுவாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தே பதிவு செய்தார்கள். காது கொடுத்துக் கேட்டால் அதில் சில இடங்களில் கிடாரும் காலும் ஒரு மயிரளவு விலகி நிற்பது தெரியும். அதை அவர்கள் திருத்தவில்லை.